கோட்டுக்கு ஒரு சாண்

ஜனவரி 5, ஞாயிறு

சர்க்கரை, வெறும் வயிற்றில்: 168. நடை: மைதானத்தைச் சுற்றி ஒன்றே கால் சுற்று.

இந்த நோட்டில் இவ்வளவு மட்டும் எழுதினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதிப் பிழைக்கிறவன் கையில் வெற்று நோட்டைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் இருபத்திரண்டு வருடமாக எங்கள் நாளிதழின் ஈரோடு பதிப்பில் விளையாட்டுப் பக்கம் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு மூன்று முறையாவது 'மின்னல் வேகம்' என்று எழுதுகிறேன். இன்று இரண்டாவது சுற்றின் தொடக்கத்தில் என்னைத் தாண்டிப் போன அம்மையார் ஒருவர், திரும்பி வந்து, "உக்காந்துக்கறீங்களா தம்பி?" என்று கேட்டார். அவருக்கு எழுபது வயது இருக்கும்.

ஜனவரி 6, திங்கள்

சர்க்கரை: 171. நடை: இல்லை. மழை வரும் போல இருந்தது.

பவானியில் பெண்கள் கபடி முடிந்து முடிவு வந்தது. நான்கு வரி. பக்கத்தின் கீழே ஒரு ஓட்டை விழுந்ததால் வழக்கமான கோப்புப் படத்தைப் போட்டு அடைத்தேன். நல்ல படம் அது. மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி குப்புறக் கிடக்கிறாள், அவள் மேல் ஐந்து பெண்கள். அவள் கை மட்டும் நடுக்கோட்டை நோக்கி நீண்டிருக்கிறது, ஒரு சாண் குறைகிறது. எந்த ஊரில் பெண்கள் கபடி நடந்தாலும் நமக்கு இதுதான். பவானி, கோபி, சத்தி, பெருந்துறை. ஒருமுறை அவசரத்தில் பெண்கள் கோகோவுக்கும் போட்டிருக்கிறேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆண்கள் ஆட்டத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. முழங்காலில் இருக்கிற தழும்பை வைத்தே ஆள் மாறிவிட்டான் என்று கண்டுபிடித்து போன் செய்வார்கள்.

ஜனவரி 8, புதன்

சர்க்கரை பார்க்கவில்லை. நடை: ஆபீஸ் மாடிப்படி, இரண்டு தடவை.

மதியம் ஒரு பெண் வந்து, விளையாட்டுப் பக்கம் போடுகிறவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். என்னைத் தேடி வாசகர் வந்து பல வருடம் ஆகிறது. சட்டையை உள்ளே செருகிக்கொண்டு, முகத்தில் கொஞ்சம் அடக்கத்தை வரவழைத்துக்கொண்டு போனேன். முப்பது வயதுக்குள் இருக்கும். நூல் மில் சீருடை, கையில் சாப்பாட்டுக் கூடை. கூடையிலிருந்து நேற்றைய பேப்பரை எடுத்து விரித்து, தரையில் கிடக்கும் மஞ்சள் சட்டைமேல் விரலை வைத்தார்.

"இது நானுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். கையெழுத்து கேட்பார் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

"ஒம்போது வருசமாப் போடறீங்க. எந்த ஊர்ல பொம்பளைங்க வெளையாடினாலும் கீழ கெடக்கறது நாந்தானுங்க. எம்பொண்ணு இப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கறா. நேத்து பேப்பரப் பாத்துட்டு, 'அம்மா, நீ மறுபடியும் உழுந்துட்டே'ங்கறா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் இருமலாக மாற்றினேன்.

பெயர் கோகிலவாணி. பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர். அந்தப் படத்தை இனிமேல் போடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டும். ஒரு ராஜா மானியம் வழங்குகிற தோரணையில் ஒப்புக்கொண்டேன். வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"அந்த மேட்ச்சுல நாங்க ஜெயிச்சோமுங்க. நீங்க தோத்ததாப் போட்டீங்க."

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நான் போட்டிருக்க வாய்ப்பே இல்லை. அந்த ஆட்டம் கோபியில் நடந்தது, அப்போது அங்கே பகுதி நேர நிருபர் ஒருவர் இருந்தார். அவருக்கு எப்போதும் கவனம் போதாது.

ஜனவரி 9, வியாழன்

சர்க்கரை: 190.

பழைய இதழ்களைப் பைண்டு செய்து வைத்திருக்கும் அறையில் ஒரு மணி நேரம் தும்மினேன். கிடைத்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜனவரி. பெண்கள் செய்தி எட்டு வரி. அதில் ஆறு வரியில் பரிசு வழங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர். மீதி இரண்டு வரியில் கோகிலவாணியின் அணி 'போராடித் தோற்றது' என்று இருக்கிறது. ஆடியவர்கள் பதினான்கு பேரில் ஒருவர் பெயரும் இல்லை. பக்கத்திலேயே அந்தப் படம், முதல்முறையாக.

மறுநாள் ஏன் யாரும் போன் செய்யவில்லை என்று புரிந்தது. பரிசு வழங்கியவர் பெயர் சரியாக இருந்திருக்கிறது.

முடிவை யாரோ போனில் மாற்றிச் சொல்லியிருக்க வேண்டும். போனில் இரைச்சல் அதிகம்.

அதே பக்கத்தில் ஆண்கள் இறுதி ஆட்டம் அரைப் பக்கத்துக்கு. அதில் என் பெயர் போட்டிருக்கிறது. படித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், 'மின்னல் வேகம்' இரண்டு இடத்தில்தான் வருகிறது.

ஜனவரி 11, சனி

சர்க்கரை: 182. நடை: ஒரு சுற்று.

கோகிலவாணிக்குப் போன் செய்தேன். தவறு நடந்திருப்பது உண்மைதான், வருத்தம் தெரிவிக்கிறோம் என்று பத்திரிகைத் தமிழில் பேசினேன். 'தெரிவிக்கிறோம்' என்று பன்மையில் சொன்னால் கொஞ்சம் பாரம் குறைகிறது.

அவர் கதையைச் சொன்னார். அப்பா நாச்சிமுத்து, நம்பியூர்ப் பக்கம் தோட்டம். மகள் கபடிக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்திருக்கிறார்கள். கோபி ஆட்டத்தில் ஜெயித்தால் சென்னையில் விடுதியில் தங்கிப் பயிற்சிக்குப் போகலாம், தோற்றால் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். ஜெயித்து வந்து சொன்னார். கோப்பை பயிற்சியாளர் வீட்டில் இருந்தது. மறுநாள் பேப்பர் வந்தது.

"அச்சுல வந்திருக்கறது பொய்யா, நீ சொல்றது பொய்யா அம்மிணின்னு கேட்டாருங்க. சர்ட்டிபிகேட் வந்தப்ப எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு மாசம். அதப் பாத்துட்டு அப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு. இந்தப் பேப்பர்க்காரன் எம்புள்ளையக் கெடுத்துப்போட்டானேன்னு."

"அப்பா மேல கோபம் இல்லையாம்மா?"

"அவரு என்னங்க பண்ணுவாரு? ஒவ்வொரு பொங்கலுக்கும் போவேன். பேச்சு வந்துச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்து உங்களத்தானுங்க திட்டுவோம்."

ஒன்பது பொங்கலாக ஒரு குடும்பம் என்னைத் திட்டியிருக்கிறது. இவ்வளவு விசுவாசமான வாசகர்கள் எனக்கு வேறு எங்கும் இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

சர்க்கரை: 195.

வசுமதியிடம் சொன்னேன். மனைவி ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தது என் தப்பு. அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே, "இருவத்திரெண்டு வருசமா நான் உங்க பக்கத்தப் படிச்சதே இல்லீங்க. அதுல பொம்பளையாளுக யாரு இருக்கறா?" என்றாள்.

படிக்கிறாள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி. இந்த நோட்டை டாக்டர் சர்க்கரைக்காகத்தான் புரட்டுவார், ஆகவே எழுதிவிடுகிறேன். போனில் யாரும் மாற்றிச் சொல்லவில்லை. போனே வரவில்லை. அன்று நான் அதே மைதானத்தில்தான் இருந்தேன். பெண்கள் ஆட்டம் மதியம், ஆண்கள் ஆட்டம் மாலை. பெண்கள் ஆடும்போது இருநூறு அடி தள்ளி, போட்டி நடத்தியவர் வீட்டில் வெள்ளாட்டுக் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் சோற்றின்போது விசில் சத்தம் கேட்டது. குழம்பு நன்றாக இருந்தது, அதுவும் நினைவிருக்கிறது. கை கழுவிக்கொண்டு வந்தபோது ஆட்டம் முடிந்து கோட்டுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர் கேமராவில் அந்தப் படத்தைக் காட்டினார். பெண் கீழே கிடந்தாள், கை கோட்டைத் தொடவில்லை. சரி, இவள் அணிதான் தோற்றது என்று எழுதிக்கொண்டேன்.

திரும்பி ஒருவரிடம் கேட்டிருக்கலாம். ஆண்கள் ஆட்டமாக இருந்தால் கேட்டிருப்பேன். கோபியின் அந்தப் பகுதி நேர நிருபர் அன்று ஊரிலேயே இல்லை, பாவம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கல் சாப்பிடவில்லை என்று இதனால் எழுத்துபூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜனவரி 16, வியாழன்

சர்க்கரை: 231. (பொங்கலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

பொறுப்பாசிரியர் ஜெயசீலனிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன். எந்தத் தேதிச் செய்திக்கு என்றார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னய்யா ஞானம், ஒம்போது வருசம் கழிச்சா? உடம்பு சரியில்லையா?"

கறிக்குழம்பு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன், ஆனாலும் தலைமையாசிரியர் முன் நிற்கும் பையன் போல நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "நீயே எழுது. படத்தோட போடு. அடுத்த ஞாயித்துக்கெழமைக்குள்ள போட்டுரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தப்புச் செய்தவன் தானே வந்து ஒப்புக்கொள்கிறானே, எப்பேர்ப்பட்ட மனிதன் என்று என்னையே மெச்சிக்கொண்டு பஸ் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டு இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன். அந்த வேகத்தில் இன்னொரு யோசனையும் வந்தது. அச்சில் வருவதற்கு முன், நேரில் போய் அந்த அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும்.

ஜனவரி 18, சனி

நாச்சிமுத்துவின் தோட்டத்துக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். நான் யார் என்று சொன்னதும் அரிவாளைக் கீழே வைத்தார், அதுவரைக்கும் நல்லது. கட்டிலைப் போட்டு உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். என் பிழையால் ஒரு வீராங்கனையின் வாழ்க்கை திசை மாறிவிட்டது, உங்கள் மகள் சொன்னதுதான் உண்மை, நீங்கள் அச்சை நம்பி ஏமாந்தீர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தம் வருகிறது.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியுமுங்க."

"எது தெரியும்?"

"ஜெயிச்சது. நானே நின்னு பாத்தனுங்க. அவளுக்குத் தெரியாம வண்டி எடுத்துட்டு வந்து, தண்ணித் தொட்டிக்குப் பொறவால நின்னேன். அஞ்சு பேரு மேல உழுந்து அமுக்கறாங்க. அத்தன பேரையும் இழுத்துட்டுப் போயிக் கோட்டத் தொட்டுட்டா. ஊரே விசிலடிக்குது. இவள இனி நம்மளால புடிச்சு வெக்க முடியாது, எவன் கட்டுவான்னு பயந்துட்டேன். வாக்கு வேற குடுத்துட்டேன். ராத்திரி பூரா தூக்கமில்ல. காலையில டீக்கடையில உங்க பேப்பரப் பாத்தேன். சாமியே எழுதிக் குடுத்தாப்புல இருந்துச்சுங்க."

மோர் என் கையில் அப்படியே இருந்தது. நான் மன்னிப்புக் கேட்க வந்தவன், இந்த மனிதர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"திருத்தமெல்லாம் வேண்டாமுங்க" என்றார். "இத்தன வருசம் ரெண்டு பேரும் உங்களத் திட்டிக்கிட்டே நல்லா இருக்கறம். தப்பு உங்கதுன்னு நீங்களே போட்டுட்டீங்கன்னா பேச்சு மறுபடியும் ஆரம்பிக்குமுங்க. அவ நோண்டுவா. அப்புறம் அவ யாரத் திட்டுவா?"

அந்த மனிதரின் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. அப்பாடா, நான் மட்டும் காரணம் இல்லை. பஸ் கோபி தாண்டுகிற வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

ஜனவரி 19, ஞாயிறு

சர்க்கரை: 204.

காலையில் கோகிலவாணி போன் செய்தார். நான் போய்வந்தது எப்படியோ தெரிந்திருக்கிறது.

"அப்பா என்னங்க சொன்னாரு?"

"ரொம்ப வருத்தப்பட்டாரும்மா" என்றேன்.

"வருத்தப்பட்டாருங்களா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். "அப்ப திருத்தம் வரட்டுமுங்க. பிரேம் போட்டு வீட்டுல மாட்டீருவாரு, பாருங்க."

அன்று பார்க்காத ஆட்டத்துக்கு முடிவு எழுதினேன். இப்போது நேரில் போய்வந்ததற்கும் தப்பான முடிவு சொல்லிவிட்டேன். தொழிலில் முன்னேற்றம்தான்.

ஜனவரி 21, செவ்வாய்

கோகிலவாணிக்கு இன்னொரு போன். ஆசிரியர் திருத்தத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை, பழைய செய்தி, பத்திரிகை விதி என்று சொன்னேன். அப்படி ஒரு விதி கிடையாது. பேசும்போதே உருவாக்கினேன்.

அவர் போனை வைத்துவிட்டார். நடந்தேன், மூன்று சுற்று. இதுவரைக்கும் அதிகம் இதுதான்.

ஜனவரி 24, வெள்ளி

கோகிலவாணி ஷிப்டு முடிந்து நேராக ஆபீசுக்கு வந்துவிட்டார். என்னிடம் வரவில்லை. ஜெயசீலன் அறைக்குள் போய், ஏனுங்க திருத்தம் போட மாட்டேங்கறீங்க என்று கேட்டிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயசீலன் என் பக்கம் கையை நீட்டுவதைப் பார்த்தேன்.

"நான் போன வாரமே கையெழுத்துப் போட்டாச்சும்மா. அவர்கிட்டத்தான் இருக்கு."

வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். இழுப்பறையில் அந்தத் தாள் இருந்தது. வெளியே எடுத்து வைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ தோல்விக்குக் காரணம் எழுதியிருக்கிறேன், வெளிச்சக் குறைவு, ஈரமான மைதானம், நடுவர். இன்று ஒன்றும் கைகொடுக்கவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். கறிக்குழம்பிலிருந்து ஆரம்பித்து, தண்ணீர்த் தொட்டி வரைக்கும்.

நான் என்ன எதிர்பார்த்தேனோ அதை அவர் கேட்கவில்லை.

"அப்பா வந்திருந்தாருங்களா?"

"வந்திருந்தாரும்மா."

"கடைசி ரைடு பாத்தாருங்களா?"

"பாத்தாரு. அஞ்சு பேரையும் இழுத்துட்டுப் போயிக் கோட்டத் தொட்டீங்கன்னு சொன்னாரு. ஊரே விசிலடிச்சுதாம்."

அவர் முகம் மலர்ந்தது. பத்தொன்பது வயதில் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நிமிடம் தெரிந்தது. கோட்டைத் தொட்ட அடுத்த நொடியைத்தான் எங்கள் படம் பிடிக்கவில்லை. பிறகு மெல்ல அந்த மலர்ச்சி போயிற்று.

"பாத்துட்டா சார் அப்படிக் கேட்டாரு? நீ சொல்றது பொய்யான்னு?"

அவர் அழுதார், சத்தமில்லாமல், சீருடை மேல்சட்டையின் கையில் முகத்தைத் துடைத்துத் துடைத்து. சுற்றிலும் எல்லோரும் கம்ப்யூட்டரை மும்முரமாகப் பார்த்தார்கள். நான் தண்ணீர் கொண்டுவரப் போய், டம்ளரை மறந்துவிட்டு வெறும் பாட்டில் மூடியோடு திரும்பி வந்தேன்.

"வேண்டாம்னா போடலம்மா" என்றேன். "நிஜமாவே. என்னையவே திட்டிக்கிட்டு இருங்க. எனக்குப் பழகிப்போச்சு."

"ஆமாங்க, உங்களத் திட்டறது எவ்வளவு சவுகரியமா இருந்துச்சு தெரியுங்களா? உங்க மூஞ்சியும் தெரியாது. பொங்கலுக்குப் போயி அவரு கையில சோறு வாங்கித் திங்கலாம்." மூக்கை உறிஞ்சினார். "எம்பொண்ணு பள்ளிக்கூடத்துல பி.டி. பீரியடு வந்தாப் பசங்களுக்குப் பந்தக் குடுத்து அனுப்பீட்டு, புள்ளைங்கள வேப்பமரத்துக்கு அடியில உக்காந்து பேசிட்டு இருங்கன்னு சொல்றாங்க. போயிக் கேக்கோணும்னு ரெண்டு வருசமா நெனைக்கறேன். கேக்கல. யாரு மேலயும் கோவிச்சுக்காம இருந்து பழகீட்டேன் பாருங்க."

தாளை எடுத்து, ஜெயசீலனின் கையெழுத்தைப் பார்த்தார்.

"போடுங்க சார்."

"இந்த ஞாயித்துக்கெழமையா?"

"இப்பவே எழுதுங்க. நான் இருக்கறப்பவே."

எழுதினேன். ஆடியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு, ஒரு பெண்கள் ஆட்டத்தின் முடிவை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. மூன்று புள்ளி பின்தங்கியிருந்ததை அவர் சொன்னார். கடைசி ரைடில் ஐந்து புள்ளி எடுத்ததைச் சொன்னார். கூட ஆடிய ஆறு பேரின் பெயரையும், தடுத்த அணி நன்றாக ஆடியதையும் போடச் சொன்னார். பரிசு வழங்கியவர் பெயரை நான் பழக்கத்தில் தட்டியபோது, "அது ஒம்போது வருசத்துக்கு முன்னாடியே வந்துருச்சுங்களே" என்றார். நீக்கினேன்.

அவர் பெயரில் வந்து நின்றேன். எங்கள் பத்திரிகையில் இனிஷியல் இல்லாமல் பெயர் போக முடியாது. இது உண்மையான விதி.

"என்ன இனிஷியல்மா? கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்காரர் பேருக்கு மாத்திட்டீங்களா?"

"ஆதார்ல, மில்லுல எல்லாம் அவரு பேருதானுங்க."

"அதையே போட்டுரட்டா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கர்சர் பெயருக்கு முன்னால் துடித்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க. அப்பாவோடதையே போடுங்க" என்றார். "அன்னிக்கு ஜெயிச்சவளுக்கு அதுதானுங்களே இருந்துச்சு. அவரு பேரும் அதுல இருக்கட்டும். டீக்கடையில உக்காந்து படிக்கட்டும்."

'நா' என்று தட்டி, புள்ளி வைத்தேன்.